மின்சாரம் செலவாவது ஆலையில், முடிவாவது வெடித்துளையில்

சுரங்கத்திலிருந்து வரும் தாதுக் கல்லை எஃகுக் குண்டுகளால் அரைக்கும் ஆலைக்கு ‘பால் மில்’ (ball mill) என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் பால் மில் ஒன்றின் அருகே போய் நின்றால் முதலில் காது அடைத்துப்போகும். 6 மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை நிமிடத்துக்கு 13 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே 300 டன்னுக்கு மேல் எஃகுக் குண்டுகள் சுவரோடு ஒட்டி மேலேறி, பிடி விட்டு, கல்லின்மேலும் ஒன்றின்மேல் ஒன்றாகவும் விழுந்துகொண்டே இருக்கும். வெளியே வழிகிற கூழில் ஒரு வாளி பிடித்து, வாளியின் பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே போனது குளிர்ந்த தண்ணீரும் குளிர்ந்த கல்லும்தான். நடுவில் அடுப்பு எதுவும் இல்லை.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நடுத்தரக் கடினமுள்ள தாது ஒரு டன்னை, ஒரு சென்டிமீட்டர் கல்லிலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் பொடியாக அரைக்க 12, 13 யூனிட் மின்சாரம் ஆகிறது. யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி. அது முழுவதும் வெப்பமாகிவிடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், பத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்த அந்தக் கூழ் சுமார் 17 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும். கைக்குத் தெரிகிற வெதுவெதுப்பும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதாவது, கல்லை உடைப்பதற்காக வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதி கூழைச் சூடாக்கப் போய்விட்டது.

உலகம் முழுவதும் உற்பத்தியாகும் மின்சாரத்தில் சுமார் 3 சதவீதம் பாறையை நொறுக்கவும் அரைக்கவும் போகிறது என்பது இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. செப்பு, தங்கச் சுரங்கங்களில் மொத்த எரிசக்திச் செலவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்த ஒரு வேலைக்கே போகிறது. அடுத்த பெரிய பங்கு, உடைத்த கல்லை ஏற்றி இறக்கும் டீசலுக்கு. அமெரிக்க எரிசக்தித் துறை 2007-ல் தன் நாட்டுச் சுரங்கங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. நடைமுறையில் உள்ள நல்ல வழக்கங்களையும் வரவிருக்கும் தொழில்நுட்பங்களையும் சேர்த்தால், சுரங்கத்துறையின் எரிசக்திச் செலவைப் பாதிக்கு மேல் குறைக்க இடமுண்டு என்றது அது. அதிக இடம் இருப்பதாக அது காட்டியதும் இதே இரண்டைத்தான்: அரைப்பது, டீசல் வண்டியில் சுமப்பது.

அந்த இடம் ஏன் இன்னும் காலியாகவே கிடக்கிறது? புதிய இயந்திரம் இல்லை என்பது பாதிக் காரணம்கூட இல்லை. கல்லை உடைக்கும் வேலையை வெடிவைப்பவர், சுமப்பவர், நொறுக்குபவர், அரைப்பவர் என்று நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டு, நான்கு தனிக் கணக்கு எழுதுகிறார்கள். கல்லுக்கு அந்தப் பாகப்பிரிவினை தெரியாது. அதற்கு எல்லாமே ஒரே உடைப்புதான்.

சிறிய கல் ஏன் பெரிய செலவு

கல் சிறியதாக ஆக ஆக, மேலும் சிறியதாக்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இதைச் சூத்திரமாக்க 1867-ல் ரிட்டிங்கரும், 1885-ல் கிக்கும் முயன்றார்கள். இன்றைக்கும் ஆலைகளில் கைக்கணக்காகப் போடுவது, ஃபிரெட் பாண்ட் 1952-ல் வெளியிட்டது. துகளின் அளவை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, தலைகீழாக்கி, முன்னதுக்கும் பின்னதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்லின் கடினத்தைக் காட்டும் ஓர் எண்ணின் பத்து மடங்கால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடின எண் 14 உள்ள ஒரு தாதுவை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் பாறையை ஒரு சென்டிமீட்டர் ஜல்லியாக்க டன்னுக்கு 1.3 யூனிட். ஒரு சென்டிமீட்டரிலிருந்து 100 மைக்ரான் வரை 12.6 யூனிட். அந்த 100 மைக்ரானை 25 மைக்ரான் ஆக்க மட்டும் இன்னும் 14 யூனிட். மலைபோல் கிடந்த பாறையைக் கண்ணுக்கு அரைகுறையாய்த் தெரியும் பொடியாக்கியதுவரை ஆன மொத்தச் செலவும், அந்தக் கடைசி இம்மியளவு நகர்வின் செலவும் கிட்டத்தட்ட சமம்.

காரணம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பாறையும் முழுமையானதல்ல; உள்ளே ஆயிரக்கணக்கில் நுண்விரிசல்கள் உண்டு. பொருள்கள் உடைவது அணுப் பிணைப்பெல்லாம் ஒரே நேரத்தில் அறுந்து அல்ல, ஏற்கனவே உள்ள விரிசலின் முனை நீண்டுதான் என்பதை 1920-களின் தொடக்கத்தில் கிரிஃபித் காட்டினார். பெரிய பாறையில் பெரிய விரிசல்கள் இருக்கும். அவை வழியே அது சுலபமாகப் பிளக்கும். பிளந்த துண்டில் மிஞ்சியிருப்பவை சின்ன விரிசல்கள். அதையும் பிளந்தால் இன்னும் சின்னவை. கடைசியில் கையில் இருப்பது விரிசலே இல்லாத, பிடிவாதமான தூள். அப்புறம், பாறை அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவைத் தாங்குதிறன் அழுத்தத் தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நம் கிரஷரும் மில்லும் செய்வதோ அழுத்துவதும் அடிப்பதும். கல்லின் பலமான பக்கத்தில் மோதிவிட்டு, அந்த அழுத்தம் சுற்றி வளைந்து எங்கோ இழுவையாக மாறுவதற்குக் காத்திருக்கிறோம்.

புதிதாக உண்டான கல் பரப்பின் ஆற்றலை மட்டும் பயனாக எண்ணினால், பால் மில்லின் பயனுறுதிறன் நூற்றில் ஒன்றைத் தொடுவதே அபூர்வம். இந்த ஒரு சதவீதம் அடிக்கடி மேற்கோளாக வரும்; அது கொஞ்சம் கொடூரமான அளவுகோல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக, மெதுவாக அழுத்தி உடைத்தாலும் சக்தி வீணாகத்தான் செய்யும். அந்த இலட்சிய உடைப்போடு ஒப்பிட்டால் மில் இவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனாலும் குண்டு குண்டின்மேல் விழுவதும், குண்டு சுவரில் மோதுவதும், உடையாத அளவுக்கு மெல்லத் தட்டுவதும் வீண்தான். கூடவே எஃகும் தேய்கிறது. ஒரு டன் தாதுவுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குண்டு கரைந்துபோவது சாதாரணம். அந்த எஃகை உருக்கிய சக்தி மின் மீட்டரில் வராது. ஆனால் அதுவும் செலவுதான்.

வெடித்துளையில் கால் யூனிட்

இனி சங்கிலியின் மறுமுனைக்குப் போவோம். திறந்தவெளிச் சுரங்கத்தில் படி படியாக வெட்டிய பாறையில் துளை போட்டு, வெடிமருந்து நிரப்பி, மேல்வாயை ஜல்லியால் அடைத்து வெடிக்கிறார்கள். பெரும்பாலும் பயன்படுவது 94 சதவீதம் அம்மோனியம் நைட்ரேட்டும் 6 சதவீதம் டீசலும் கலந்த மருந்து. அதில் ஒரு கிலோவில் உள்ள சக்தி சுமார் 3.8 மெகாஜூல், யூனிட் கணக்கில் ஒன்றைச் சற்றே தாண்டும். ஒரு டன் பாறைக்குக் கால் கிலோ மருந்து என்று வைத்தால், மலையைப் பெயர்த்துக் குவியலாக்க ஆகும் வெடிச்சக்தி கால் யூனிட்தான். மறுமுனையில் மில் கேட்பது 12 யூனிட்டுக்கு மேல்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை. மருந்தைக் கால் கிலோவிலிருந்து 400 கிராமாக்கினால் கூடுதல் வெடிச்சக்தி 0.15 யூனிட். அதனால் மில்லின் வேலை 5 சதவீதம் மட்டும் குறைந்தாலே 0.6 யூனிட் மிச்சம். வெடிமருந்தைத் தயாரிக்கவும் சக்தி வேண்டும், அதிலும் அம்மோனியா தயாரிப்பு நிறையவே கேட்கும். அதைச் சேர்த்தால் இலாபம் மெலியும். ஆனாலும் பெரும்பாலான கடினப் பாறைகளில் அது இலாபமாகவே நிற்கும்.

வெடி மில்லுக்கு எப்படி உதவுகிறது? மூன்று வழிகளில். நேரடியாகவே மில்லுக்குப் போதுமான அளவு தூள் கொஞ்சம் கிடைத்துவிடுகிறது. குவியலில் பெரும் பாறைகள் குறைவதால் கிரஷர் அடைத்து நிற்பதில்லை. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: அதிர்ச்சி அலை கடந்துபோன கல்லில் புதிய நுண்விரிசல்கள் உண்டாகின்றன. வெளியே முழுசாகத் தெரியும் கல், உள்ளே ஏற்கனவே பாதி தோற்றுப்போயிருக்கும். மேலே சொன்னோமே, மில்லுக்குப் பெரிய எதிரி விரிசல் இல்லாத கல்தான்.

துளையிலிருந்து ஆலைவரை ஒன்றாக எண்ணிப் பார்க்கும் இந்த முறையை 1990-களில் வளர்த்தெடுத்ததில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உள்ள ஜூலியஸ் க்ருட்ஷ்னிட் கனிம ஆய்வு மையத்துக்குப் பெரிய பங்குண்டு. அதே காலத்தை ஒட்டி, துளையில் உள்ள மருந்தைத் தூண்டி வெடிக்கவைக்கும் டெட்டனேட்டரின் எலக்ட்ரானிக் வடிவமும் வந்தது. பழைய டெட்டனேட்டரில் தாமதத்தைக் கொடுப்பது எரியும் மருந்து. குறித்த நேரத்திலிருந்து பல மில்லிசெகண்ட் முன்னே பின்னே போகும். எலக்ட்ரானிக் சில்லு வைத்ததில் பிழை ஒரு மில்லிசெகண்ட் அளவுக்குள் அடங்கும். பக்கத்துத் துளையின் அலை வந்து சேரும் நேரத்தைக் கணித்து அடுத்த துளையை வெடிக்க அதனால்தான் முடிகிறது.

சரி, மருந்தைக் கூட்டினால் போதுமா? போதாது. அதிக மருந்து கற்களைத் தூர எறியும். பக்கச் சுவரைக் குலைக்கும். எல்லாவற்றையும்விட, தாதுவையும் கழிவுப் பாறையையும் கலந்துவிடும். துளை இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால், அல்லது வாயை அடைக்கும் ஜல்லிக்குப் பதிலாகத் துளையிட்ட தூளையே தள்ளி மூடியிருந்தால், சேர்த்த மருந்தின் சக்தி புகையும் சத்தமுமாகப் போய்விடும். நான் முதலில் பார்க்கச் சொல்வது மருந்தின் அளவையல்ல. துளை குறித்த இடத்தில், குறித்த ஆழத்தில், நேராக இருக்கிறதா என்பதைத்தான். பைசா செலவில்லாத திருத்தங்கள் அங்கேயே நிறையக் கிடக்கின்றன.

டிரில் ஓட்டுபவரின் இருக்கையும் அப்படி ஒரு புதையல். அந்த இயந்திரம்தான் அந்தப் பாறையை முதன்முதலில் தொடுகிறது. எந்த ஆழத்தில் வேகமாக இறங்கியது, எங்கே முனகியது, எங்கே சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தது என்று மீட்டர் மீட்டராகப் பதிவாகிறது. கடினமான அடுக்கில் கூட, மென்மையான அடுக்கில் குறைய என்று ஒவ்வொரு துளைக்கும் மருந்தை மாற்றி நிரப்ப இந்தப் பதிவு போதும். பல இடங்களில் அது கணினியில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இங்கேதான் கணக்குப் புத்தகம் குறுக்கே வருகிறது. வெடிமருந்துச் செலவு ஒரு துறையின் தலையில் விழுகிறது. மின்கட்டணம் இன்னொரு துறையின் தலையில். வெடிப்பிரிவு ஒரு கிலோ மருந்தை மிச்சப்படுத்தினால் பாராட்டு. அந்தக் கிலோவால் ஆலையில் கூடுதலாக ஓடிய யூனிட்டுகள் வேறொருவர் பக்கத்தில் எழுதப்படும். இரண்டு பக்கத்திலும் உள்ளவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். அதுதான் இதில் வருத்தம்.

அரைக்காத கல்லுக்குச் செலவில்லை

இன்று வெட்டப்படும் செப்புத் தாது பலவற்றில் உலோகம் அரை சதவீத அளவுதான். ஒரு டன் செம்புக்கு 200 டன்னுக்கு மேல் கல்லை அரைத்தாக வேண்டும். அந்த 200 டன்னும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு கல்லில் உலோகம் நரம்பு நரம்பாய் ஓடும். பக்கத்துக் கல் வெறுங்கல்லாக இருக்கும். அந்த வெறுங்கல்லை மில்லுக்கு முன்பே விலக்கினால் அதன் அரைப்புச் செலவு மொத்தமும் மிச்சம். எந்த இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினாலும் இவ்வளவு சுலபமான சேமிப்பு வராது.

கன்வேயர் பெல்ட்டில் ஓடும் கல்லை எக்ஸ்ரே ஊடுருவிப் பார்த்து, வெறுங்கல்லைக் காற்று பீய்ச்சித் தள்ளும் இயந்திரங்கள் பல சுரங்கங்களில் ஓடுகின்றன. கல்லை அள்ளும் ஷவல் இயந்திரத்தின் வாளியிலேயே உணரியைப் பொருத்தி, ஒவ்வொரு வாளியும் ஆலைக்கா கழிவுக்கா என்று முடிவு செய்யும் முறையும் வந்திருக்கிறது. இவ்வளவுகூட வேண்டாத இடங்களும் உண்டு. சில தாதுக்களில் உலோகம் இருக்கும் பகுதிதான் எளிதில் உடையும். அங்கே வெறும் சல்லடையே தரம் பிரித்துவிடும். ஆனால் பிரிக்கிற எதிலும் கொஞ்சம் உலோகம் தவறிப்போகும், அதை மறைக்கக் கூடாது. மேலும், வெடிக்கும்போதே தாதுவும் கழிவும் கலந்து சீராகிவிட்டால் பிறகு எந்த உணரிக்கும் பிரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. மறுபடியும் வெடித்துளைக்கே வந்து நிற்கிறோம்.

இதே யோசனையை மில்லுக்குள்ளும் கொண்டுபோகலாம். நுரையில் மிதக்கவைத்து உலோகக் கனிமத்தைப் பிரிக்கும் வழக்கமான தொட்டிக்கு 100, 150 மைக்ரான் பொடி வேண்டும். அதைவிடப் பெரிய துகள் குமிழில் ஒட்டினாலும், தொட்டியின் கலக்கலில் உதிர்ந்துவிடும். கீழிருந்து மேலே மெல்லத் தண்ணீர் ஏறும் படுக்கையில் துகள்களை மிதக்கவிட்டால், 300 மைக்ரான், அதற்கு மேலுள்ளதைக்கூடப் பிடிக்க முடிகிறது. பாண்டின் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்: ஒரு சென்டிமீட்டரிலிருந்து 300 மைக்ரானில் நிறுத்தினால் 6.7 யூனிட், 100 மைக்ரான்வரை போனால் 12.6. கிட்டத்தட்டப் பாதி. உலோகம் உள்ள துகளை மட்டும் பிறகு நுணுக்கி அரைத்தால் போதும். கழிவும் கரகரப்பான மணலாக இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் வடிந்து திரும்பக் கிடைக்கும். வரும் ஆண்டுகளில் ஆலைகளின் வடிவத்தையே மாற்றப்போவது இதுதான் என்பது என் கணிப்பு.

அரைக்கும் இயந்திரங்களின் கதை

20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலைகள் சாக் மில்லைப் பிடித்துக்கொண்டன. அதில் குண்டு கொஞ்சம்தான்; மீதி வேலையைத் தாதுக் கற்களே ஒன்றையொன்று உடைத்துச் செய்துகொள்ளும். ஆஸ்திரேலியாவின் கேடியா சுரங்கத்தில் 1998-ல் ஓடத் தொடங்கிய சாக் மில்லின் விட்டம் 12 மீட்டர். மோட்டார் 20 மெகாவாட். ஒரே இயந்திரத்தில் மலையளவு கல் ஓடும், பராமரிப்பும் எளிது. ஆனால் 25 முதல் 75 மில்லிமீட்டர் அளவுள்ள கடினக் கற்கள் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். அடிக்கும் அளவுக்குப் பெரியதல்ல, உடையும் அளவுக்குச் சிறியதல்ல. அவை சுற்றிச் சுற்றி மின்சாரத்தைத் தின்னும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் உயர் அழுத்த உருளை ஆலை. ஜெர்மனியின் கிளவுஸ்தாலில் பேராசிரியராக இருந்த கிளவுஸ் ஷோனர்ட்டின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்து, 1980-களில் சிமெண்ட் ஆலைகளில் முதலில் காலூன்றியது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே கல் படுக்கையாக இறங்குகிறது. உருளை எல்லாக் கல்லையும் தொடுவதில்லை. கல்லே கல்லை நெரிக்கிறது. அடிப்பது இல்லை, மெதுவான அழுத்தம்தான். முன்னே சொன்ன இலட்சிய உடைப்புக்கு நாம் கண்டுபிடித்ததில் மிக நெருக்கமானது இதுவே. வெளியே வரும் கல்லில் நுண்விரிசல்கள் நிறைந்திருப்பதால் அடுத்த மில்லுக்கும் வேலை குறையும். பெரு நாட்டின் செர்ரோ வெர்டே செப்புச் சுரங்கம் 2006-ல் இதை நம்பி இறங்கியது. ஆஸ்திரேலியாவின் பாடிங்டன் தங்கச் சுரங்கம் பின்தொடர்ந்தது. கடினப் பாறையில் சாக் மில்லோடு ஒப்பிட 10 முதல் 30 சதவீதம்வரை சக்தி மிச்சமாகலாம். களிமண் கலந்த ஈரத் தாதுவுக்கு இது ஒத்துவராது. சல்லடைகளும் பெல்ட்டுகளும் கூடுதலாக வேண்டும். அவையும் மின்சாரம் கேட்கும்.

மிக நுண்ணிய அரைப்புக்கு வழி வேறு. ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசாவில் 1994-ல் ஓடத் தொடங்கிய ஐசாமில்லில் உருளை சுற்றுவதில்லை. உள்ளே தட்டுகள் சுழன்று, சில மில்லிமீட்டர் மணிகளைக் கலக்கும். அடுத்த ஆண்டே மெக்ஆர்தர் ரிவர் ஈய-துத்தநாகச் சுரங்கம் இதை வைத்து 7 மைக்ரான்வரை அரைக்கத் தொடங்கியது. பால் மில்லில் அதைச் செய்ய முயன்றால் மின்கட்டணமே சுரங்கத்தை மூடிவிடும். காரணம் எளிது: 25 மில்லிமீட்டர் குண்டு விழும்போது, 20 மைக்ரான் துகள் அதன் அடியில் மாட்டுவது தற்செயல். மணி சிறியதானால் உரசல்கள் பல ஆயிரம் மடங்கு பெருகும்.

புதிய இயந்திரம் வாங்காமலே செய்யக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். மில்லிலிருந்து வரும் கூழைச் சைக்ளோன் என்ற கூம்பு, சுழற்றிப் பிரிக்கிறது. பெரியது மறுபடி மில்லுக்கு, சிறியது வெளியே. ஆனால் சைக்ளோன் பார்ப்பது அளவை மட்டுமல்ல, எடையையும்தான். ஈயக் கனிமம் போன்ற கனமான துகள், போதுமான அளவு பொடியான பிறகும் பெரிய கல் என்று எண்ணப்பட்டு மில்லுக்கே திரும்பும். எதைப் பத்திரமாக வெளியே எடுக்க வேண்டுமோ அதையே திரும்பத் திரும்ப அரைத்து, மிதக்க முடியாத சேறாக்கிவிடுகிறோம். மின்சாரமும் போச்சு, உலோகமும் போச்சு. சைக்ளோனுக்குப் பதில் நுண்சல்லடை வைத்த பல ஆலைகளில், அதே மில் கூடுதலான தாதுவை அரைத்திருக்கிறது.

மைக்ரோவேவால் சூடாக்கி விரிசல் விழவைப்பது, உயர் மின்னழுத்தத் துடிப்பால் கனிம எல்லைகளிலேயே கல்லைப் பிளப்பது போன்றவையும் ஆய்வில் இருக்கின்றன. அறிவியல் உறுதியானது. கல்லின் பலவீனமான இழுவைப் பக்கத்தைத் தாக்குவதால் அழகானதும்கூட. மணிக்கு ஆயிரக்கணக்கான டன் ஓடும் ஆலைக்கு அதைப் பெரிதாக்குவதுதான் இன்னும் கைகூடவில்லை.

சுமப்பதில் வண்டியின் எடை

ஒரு டன் கல்லை 300 மீட்டர் ஆழமுள்ள குழியிலிருந்து மேலே தூக்க, இயற்பியல் கேட்பது 0.8 யூனிட்தான். ஆனால் கல் தனியாக ஏறுவதில்லை. கேட்டர்பில்லர் 797எஃப் டம்பர் லாரி 363 டன் சுமக்கும். சுமையோடு மொத்த எடை 623 டன். ஒவ்வொரு டன் கல்லோடும் முக்கால் டன் வண்டியும் ஏறுகிறது. டீசலின் சக்தியில் சக்கரம்வரை போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். உருளும் தடையையும் சேர்த்தால், ஒரு டன் கல் மேலே வர அரை லிட்டர் டீசலை நெருங்கும். ஒரு டன் தாதுவுக்கு இரண்டு டன் கழிவுப் பாறையையும் அகற்ற வேண்டியிருந்தால், அந்தச் செலவு மூன்று மடங்கு. இறங்கும்போதோ, 260 டன் வெற்று வண்டியின் நிலைச்சக்தி பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகிறது.

இதற்கு முதல் தீர்வு சாலைதான். சுரங்கச் சரிவுப்பாதை பெரும்பாலும் பத்துக்கு ஒன்று சரிவு; அதாவது வண்டி தன் எடையில் 10 சதவீத விசையோடு போராடுகிறது. நல்ல கெட்டியான பாதையில் உருளும் தடை இன்னொரு 2 சதவீதம். மழைக்குப் பிறகு டயர் புதையும் பாதையில் அது 4, 5 என்று ஏறும். ஏற்றத்தில் இது கால் பங்குக் கூடுதல் டீசல், சமதளத்தில் இரட்டிப்பு. பாதையில் சிந்திக் கிடக்கும் ஒரு கூர்க்கல் ஆளுயரத்துக்கு மேலுள்ள டயர் ஒன்றைக் கிழித்துவிடும் என்பது தனிக்கதை. எரிசக்திச் சேமிப்பு என்று பேச்செடுத்தால் பாதையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. வர வேண்டும்.

அடுத்தது, ஏறும் வண்டிக்கு மேல்கம்பியிலிருந்து மின்சாரம் கொடுப்பது. ஸ்வீடனின் ஐடிக் சுரங்கம் 2018-ல் 700 மீட்டர் பாதையில் இதைச் சோதித்து, பிறகு விரிவாக்கியது. ஜாம்பியாவின் கன்சான்ஷியிலும் கம்பியடியில் டம்பர்கள் ஓடுகின்றன. டீசலில் ஏறுவதைவிட வேகமும் கூடும். அதனால் அதே வேலைக்கு வண்டிகளும் குறையும். கன்வேயர் பெல்ட் இதைவிடச் சிக்கனம், ஏனென்றால் அங்கே 260 டன் வண்டியே இல்லை. ஆனால் பெல்ட் இடம் பெயராது. குழியின் வடிவத்தையே அதற்காகத் தொடக்கத்திலிருந்து திட்டமிட வேண்டும். அதோடு, பெல்ட்டில் ஏற்றும் அளவுக்குக் கல் குழிக்குள்ளேயே நொறுங்கியிருக்க வேண்டும்.

தாது மேலேயும் ஆலை கீழேயும் இருந்தால் கதையே வேறு. சிலியின் லாஸ் பெலம்ப்ரெஸ் சுரங்கத்தில் சுமார் 13 கிலோமீட்டர் நீளப் பெல்ட் ஏறக்குறைய 1,300 மீட்டர் இறங்குகிறது. கல்லின் எடையே பெல்ட்டை இழுத்து, மோட்டார்களை ஜெனரேட்டராக்கி, மெகாவாட் கணக்கில் மின்சாரம் தருகிறது. ஸ்வீடனின் கிருனாவிலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இறங்கும் இரும்புத்தாது ரயில்களும் பிரேக் போடும்போது மின்கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. சுவிட்சர்லாந்தின் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மின்வண்டி ஒன்று காலியாக மேலேறி, 65 டன் கல்லோடு இறங்கி, இறங்கும் வழியிலேயே தன் பேட்டரியைப் பெருமளவு நிரப்பிக்கொள்கிறது.

நிலத்தடிச் சுரங்கத்தில் காற்றோட்டம் பெரும் செலவு. மின்விசிறியின் மின்சாரம் காற்றின் அளவுக்கு மும்மடி விகிதத்தில் ஏறும் என்பதால், காற்றை 20 சதவீதம் குறைத்தாலே மின்செலவு பாதியாகும். ஆளில்லாத கிளைகளுக்குக் காற்றை அடைத்து வைப்பதும், புகை விடும் டீசல் வண்டியை மின்வண்டியாக்குவதும் அங்கே இரட்டைப் பலன் தருகின்றன.

துளையில் எடுத்த முடிவு மில்லில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அறியாமல் இவை எதையும் சரிசெய்ய முடியாது. மில் இயக்குபவருக்கு இன்று வரும் கல் எந்தப் படியிலிருந்து வந்தது என்பது பல இடங்களில் தெரியாது; சத்தம் மாறுவதை வைத்து ஊகிக்கிறார். இதற்கு ஒரு எளிய கருவி இருக்கிறது. வெடிப்பதற்கு முன் துளையின் மேல்வாயில் ஜல்லியோடு ஒரு சின்ன ரேடியோ அடையாள வில்லையைப் போட்டுவிடுகிறார்கள். கெட்டியான உறைக்குள் இருக்கும் அது வெடியைத் தாங்கி, ஷவலில் ஏறி, டம்பரில் போய், கிரஷரைக் கடந்து பெல்ட்டில் வந்து விழுகிறது. பெல்ட்டின் அருகே உள்ள ஆண்டெனா அதன் எண்ணைப் படிக்கிறது. அந்த நிமிடத்தில் மில் இழுக்கும் மெகாவாட்டும், அந்தத் துளையில் டிரில் இறங்கிய வேகமும், நிரப்பிய மருந்தின் கிலோவும் ஒரே வரியில் பதிவாகின்றன.